பிக்கப்புக்கு ஓர் அண்டா வெந்நீர்

போன மாதம் ஒரு நாள், கவரைப்பேட்டை நெடுஞ்சாலை ஓரமாகப் பழைய வண்டிகள் விற்கும் யார்டில் பளபளவென்று நின்றிருந்த ஒரு வெள்ளை பிக்கப்பின் மேல் என் மனைவி ஓர் அண்டா வெந்நீரை ஊற்றினாள்.

கோபத்தில் இல்லை. வண்டியை வாங்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்வதற்காக!

யார்டில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மனைவி கிரேஸ் ஓய்வு பெறவில்லை. பெறுகிற உத்தேசமும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு, தெருவில் இருக்கும் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு, தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலைக்கு மதியச் சாப்பாடு சப்ளை செய்கிறாள். சாதம், சாம்பார், ரசம், ஒரு பொரியல். புதன்கிழமை முட்டை. இந்தப் பத்தியை எழுதும் ஆளைவிட அந்த சாம்பாருக்குத்தான் வாசகர்கள் அதிகம்.

சமையல் அவளுடையது. ஆனால் வண்டி வாடகை டெம்போ. அதுதான் சிக்கல்.

தொழிற்பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. கேட்டில் எந்த வண்டி போய் நின்றாலும் செக்யூரிட்டி கேட்கும் முதல் கேள்வி, 'எந்தக் கம்பெனி வண்டி?' என்பதுதான். 'வாடகை வண்டி' என்று சொன்னால் ஓரம் கட்டச் சொல்வார்கள். கம்பெனி வண்டிகள் எல்லாம் போன பிறகுதான் அதற்கு வழி. கிரேஸ் தினமும் அண்டாக்களோடு அப்படி ஓரமாக நின்று பழகியவள்.

ஒரு நாள் டெம்போக்காரருக்குக் கல்யாண மண்டபத்துச் சாமான் ஏற்றும் வேலை வந்துவிட்டது. 'தோ வந்துட்டேன்க்கா' என்று போனிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். சாப்பாடு போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. பிஸ்கட்டும் டீயுமாக வயிற்றை நிரப்பிக்கொண்டு எல்லோரும் மெஷினுக்குத் திரும்பிவிட்டார்கள். கான்டீனைக் கவனிக்கும் அதிகாரி மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார்... 'மாசம் பிறக்கிறதுக்குள்ள சொந்த வண்டி ஏற்பாடு பண்ணுங்கம்மா. இல்லேன்னா வேற ஆளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.'

அன்றைக்கு எங்கள் தெரு முழுக்க சாம்பார் சாதம். கிரேஸ் மட்டும் சாப்பிடவில்லை.

நான் ஆறுதலாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, போதும் விட்டுவிடலாமே, நமக்கும் வயசாகிறது என்றேன். அவள் அண்டாவைத் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"சாப்பாடு லேட்டா போலீங்க. வண்டிதான் லேட்டா போச்சி. நான் இன்னாத்துக்கு விடணும்?"

அவ்வளவுதான். பிக்கப் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. புதுசு நம் கைக்கு எட்டாது, எனவே பழசு. ஆனால் பெரிய பிக்கப். அதில் அவள் ஒரே பிடியாக இருந்தாள். சின்ன வண்டியில் அண்டாவின் மேல் அண்டாவை அடுக்க வேண்டும். சத்தியவேடு ரோட்டில் லாரிகள் போட்டு வைத்திருக்கும் பள்ளத்தில் ஒரு முறை இறங்கி ஏறினால் ரசமும் சாம்பாரும் ஒன்றாகிவிடும். எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றாள்.

இப்படிப்பட்ட செய்தி ஊருக்குள் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? சர்ச்சில் ஆலோசனை, ரேஷன் கடையில் ஆலோசனை, சலூனில் ஆலோசனை. பழைய வண்டி வாங்கினால் மெக்கானிக்கைத் தத்து எடுத்த மாதிரி என்றார் ஒருவர். பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி என்றார் இன்னொருவர். அதை மட்டும் நான் வீட்டில் போய்ச் சொல்லவில்லை. எனக்கும் நாலு நாள் சாம்பார் வேண்டுமே!

கடைசியில் கிரேஸின் தம்பி ஆல்பர்ட் ஒரு தகவலோடு வந்தான். கம்பெனி ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வண்டி விஷயத்தில் எங்கள் குடும்பத்து நிபுணர்.

"மாமா, யார்டுல ஒரு கம்பெனி வண்டி வந்துக்கீது. கண்ண மூடிக்கினு வாங்கலாம்."

எங்கள் பக்கத்தில் 'கம்பெனி' என்பது லேசுப்பட்ட சொல் இல்லை. மாப்பிள்ளை கம்பெனியில் பர்மனென்ட் என்றால் மேற்கொண்டு யாரும் விசாரிக்க மாட்டார்கள். வீடு வாடகைக்குக் கேட்டு வருபவர் கழுத்தில் கம்பெனி ஐ.டி. கார்டு தொங்கினால் சாவி தானாகக் கைக்கு வந்துவிடும். வண்டிக்கும் அதே கதைதான். கம்பெனி வண்டி என்றால் நேரத்துக்கு ஆயில் மாற்றியிருப்பார்கள், ஒழுங்காக சர்வீஸ் விட்டிருப்பார்கள், கண்டவன் கையில் கொடுத்திருக்க மாட்டார்கள்... எல்லாம் நாங்களாகவே நினைத்துக்கொள்வது. கம்பெனியில் காலத்தைக் கழித்த எனக்கு அந்த நம்பிக்கை கொஞ்சம் கூடுதல்.

யார்டு புரோக்கர் சீனு ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர். ஆல்பர்ட்டை 'வா நைனா' என்று தோளில் தட்டினார். எனக்கு நாற்காலி போட்டார். கிரேஸைக் கண்டுகொள்ளவே இல்லை. மைலேஜ், பேட்டரி, டயர் எல்லாம் என்னிடமே விளக்கினார். நானும் விடுவேனா? டயரைக் காலால் தட்டினேன். பானெட்டைத் திறக்கச் சொல்லி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்து, 'ம்...' என்று தலையாட்டினேன். உள்ளே எது என்ன என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

சீனு சாவியை என் கையில் வைத்து, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார் என்றார். நான் அதை அப்படியே கிரேஸிடம் கொடுத்தேன். எங்கள் வீட்டில் லைசென்ஸ் அவளிடம்தான் இருக்கிறது. எனக்கு சைக்கிளோடு சரி.

நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். வண்டி ஓட்டம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் இறங்கியதும் பின்னால் ஏறி நின்று மூக்கைச் சுளித்தாள். புது பெயின்ட். புது ரப்பர் விரிப்பு. மல்லிகைப்பூ சென்ட் வாசனை கமகமவென்று வந்தது.

"லோடு ஏத்தற எடத்துக்கு எதுக்குங்க சென்ட்டு?"

எனக்கும் ஆல்பர்ட்டுக்கும் அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. சீனு, வண்டியைச் சுத்தமாக வைத்திருக்கிறோம் என்று ஏதோ சொன்னார். கிரேஸ் ரப்பர் விரிப்பைச் சுருட்டச் சொல்லிவிட்டு, பக்கத்து டீக்கடையில் ஓர் அண்டா வெந்நீர் கேட்டு வாங்கினாள். மீதிதான் உங்களுக்குத் தெரியுமே... ஊற்றினாள்.

நடு மத்தியான வெயில். ஆவி கிளம்பியது. கூடவே பழவேற்காடே எழுந்து வந்தது!

மீன் சந்தையில் ஐஸ் கரைந்து ஓடுமே, அந்த நாற்றம். டீக்கடை வாசலில் படுத்திருந்த பூனை எழுந்து நிதானமாக வண்டியை நோக்கி நடந்து வந்தது. அதற்கு மேல் சாட்சி எதற்கு? ஆல்பர்ட் செல்போன் வெளிச்சத்தோடு வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தான். உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி சேஸிஸ் அரித்துப் போயிருந்தது. மேலே பூசியிருந்த பெயின்ட்டை நகத்தால் கீறினால் துரு பக்குப் பக்காகப் பெயர்ந்து வந்தது.

கம்பெனி வண்டி என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டேன். சீனு கொஞ்சமும் அசரவில்லை.

"கம்பெனி வண்டிதான் சார். எறால் கம்பெனி. இன்னா கம்பெனின்னு நீங்க கேக்கவே இல்லியே?"

நியாயம்தானே? 'கம்பெனி' என்று காதில் விழுந்ததும் மயங்கிப் போனவர்கள் நாங்கள். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதோடு முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. சீனு விலையைக் குறைத்தார். மறுபடியும் குறைத்தார். ஆல்பர்ட் மனம் மாறிவிட்டான். அடியில் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம், நல்லா கழுவிவிட்டால் போய்விடும், அண்டாவுக்குத்தான் மூடி இருக்கிறதே என்றான். எனக்கும் சபலம். மாதம் முடிய அதிக நாள் இல்லை. அந்த வண்டியை விட்டால் வேறு எது கிடைக்கும்?

கிரேஸ் அண்டாவை டீக்கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள்.

"மூடி இருக்குது. ஆனா அவங்க தொறந்துதான சாப்புடணும்? தொறக்கறப்ப சாம்பாரு வாசனைதான் வரணும். கெளம்புங்க."

கிளம்பினோம். அடுத்து வந்த நாட்களில் அவள் பார்க்காத வண்டி இல்லை. சோழவரத்தில் ஒன்று, பொன்னேரியில் ஒன்று. ஒன்று சின்னது. இன்னொன்றில் கெமிக்கல் வாடை. ஒவ்வொன்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, விடியற்காலையில் எப்போதும்போல அடுப்பைப் பற்ற வைப்பாள். எனக்குப் பயமாக இருந்தது. பிடிவாதமாகவே இருந்து கையில் இருக்கிற ஆர்டரையும் விட்டுவிடுவாளோ என்ற பயம். அவளுக்கு ஒன்றும் இல்லாததுபோல இருந்தாள். ஒருநாள், கல் பார்த்து முடித்த அரிசியையே அவள் மறுபடியும் முறத்தில் கொட்டிக் கல் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். அதன் பிறகு நான் 'விட்டுவிடலாம்' என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

ஷெட்டில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் சொந்தக்காரர் மூலமாகத்தான் திருவாலங்காட்டு வண்டி தெரிய வந்தது. உரிமையாளர் முனிரத்தினம். சொந்த நிலத்தில் நெல் போடுகிறவர். இதைக் கொடுத்துவிட்டு லாரி எடுக்கப் போகிறார். நாங்கள் பஸ் மாறி மாறிப் போய் இறங்கினோம். ஆல்பர்ட் ஒரு மெக்கானிக்கைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

வண்டியைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்கும். சுற்றிலும் நெளிசல். இந்தத் தடவை நான் உஷாராக, எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்டேன்.

"கம்பெனில்லாம் இல்லீங்க. ஊட்டு வண்டி. நெல்லு, வைக்கலு, எருவு... எல்லாம் ஏத்திகினுதான் இருந்தோம். எடது பக்கக் கதவு வெளிய இருந்துதான் தொறக்கும். ஹாரன் நெனச்சா அடிக்கும். கேட்டுக்கினு எடுங்க."

கிரேஸ் முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு வெந்நீர் கேட்டாள். முனிரத்தினத்தின் மனைவி, 'குளிக்கறதுக்காம்மா?' என்று கேட்டபடி சோப்பையும் துண்டையும் எடுத்து வந்துவிட்டார்.

வெந்நீர் ஊற்றியதும் நனைந்த வைக்கோல் வாசனை வந்தது. லேசாக எரு வாசனை. காத்திருந்து பார்த்தோம், வேறு ஒன்றும் வரவில்லை. கழுவினால் போய்விடும் வாசனைதான் என்று கிரேஸ் தலையசைத்தாள். மெக்கானிக் அடியில் தட்டிப் பார்த்து, இரும்பு கெட்டியாக இருக்கிறது என்றார். அதோடும் அவளுக்குத் திருப்தி இல்லை. பின்னால் நெல் மூட்டைகளை ஏற்றச் சொல்லி, அவற்றின் நடுவில் ஒரு குடம் தண்ணீரை வைத்து, என்னை முன்னால் தன் பக்கத்து சீட்டில் உட்காரச் சொல்லி, ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் வந்தாள். குடத்தில் தண்ணீர் பெரிதாகச் சிந்தவில்லை.

எஞ்சினை அணைத்தாள். இது போதுங்க என்றாள்.

நான் மெதுவாக ஆரம்பித்தேன். வண்டி நல்ல வண்டிதான்... ஆனால் இந்தக் கோலத்தில் கம்பெனி கேட்டில் போய் நின்றால் பார்க்க எப்படி இருக்கும்?

"கேட்டுல நிக்கறதுக்காங்க வாங்கறோம்? உள்ள போறதுக்கு."

அதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது? என் பக்கத்துக் கதவைத் திறந்துவிடச் சொல்லி முனிரத்தினத்தைக் கூப்பிட்டேன்.

பணம் கைமாறிய நாளில், எலுமிச்சம்பழத்தில் ஏற்றாமல் வண்டியை அனுப்ப மாட்டேன் என்று முனிரத்தினம் ஒரே அடம். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று தயங்கினேன். கிரேஸ் தயங்கவில்லை. ஆசையாக வளர்த்த வண்டி, அவர் மனசுக்குச் செய்யட்டும் என்றாள். நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் நசுங்கியது. மீதிப் பழங்களை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். மறுநாள் காலை எங்கள் போதகர் வந்து பானெட்டில் கை வைத்து ஜெபம் செய்தார். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றும் வேலையை ஆல்பர்ட் ஏற்றுக்கொண்டான். இறால் வண்டிக்குப் பரிகாரம்!

மாதம் பிறந்தது. ஷெட்டில் எல்லோரும் சேர்ந்து வண்டியின் பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். அண்டாக்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. கிரேஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நான் இடது சீட்டில். சத்தியவேடு ரோட்டுப் பள்ளங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போனாள்.  நான் வழியெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கேட். முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி. அது உள்ளே போனதும் செக்யூரிட்டி எங்கள் நீல வண்டியை மேலும் கீழும் பார்த்தார். வண்டியும் புதுசு, அதை ஒரு பெண் ஓட்டிக்கொண்டு வந்த கோலமும் அவருக்குப் புதுசு. ஓரத்தைக் காட்டக் கையைத் தூக்கியபடியே வழக்கமான கேள்வியைக் கேட்டார். எந்தக் கம்பெனி வண்டி?

கிரேஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"என் கம்பெனி வண்டி."

அவர் கை அப்படியே நின்றது. பிறகு குனிந்து என்னைப் பார்த்தார். சார் யாரு என்று கேட்டார்.

"அவரா? அவரு பர்மனென்ட்டு."

கேட் திறந்தது. சாப்பாட்டு மணி இன்னும் அடித்திருக்கவில்லை.