பிள்ளைக்கு நேர்ந்த வேட்டு

ஜப்பான்காரன் சிங்கப்பூருக்குள் வந்தபோது நான் முழுகாமல் இருந்தேன். அவன் என்னைக் கேட்டுக்கொண்டு வரவில்லை; நானும் அவனைக் கேட்டுக்கொண்டு உண்டாகவில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. அது நல்லபடியாகப் பிறந்தால், கோயில் வாசலில் தன் கையாலேயே வேட்டுப் போடுவதாக என் வீட்டுக்காரர் அம்மனுக்கு நேர்ந்திருந்தார்.

வேட்டுப் போடுவதற்கென்று கோயிலில் ஒரு இரும்புக் குழாய் இருந்தது. மருந்து கெட்டித்து, நிமிர்த்தி வைத்துக் கொளுத்தினால் சிராங்கூன் ரோடே அதிரும். கண்ணில் பட்ட இரும்பையெல்லாம் ஜப்பான்காரன் அள்ளியபோது அதுவும் போய்விட்டது. வேறு ஆளாக இருந்தால் ஒரு தேங்காயை உடைத்துச் சாமியைச் சமாதானம் செய்திருப்பார். இவர் துறைமுகத்தில் இரும்பு வேலை பார்க்கும் பிட்டர் ஆயிற்றே. குண்டு விழுந்து எரிந்து கிடந்த லாரியிலிருந்து தடித்த குழாய் ஒன்றைக் கழற்றி, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். அடுப்பங்கரையில் உட்கார்ந்து அரம் போட்டு ராவினார்.

"தொட்டில் செய்யச் சொன்னா பீரங்கி செய்யிறீங்களே. பொறக்கப் போறது புள்ளையா, சிப்பாயா?" என்றேன்.

"நீ போடுற கூச்சலுக்கு முன்னால இதெல்லாம் ஒரு சத்தமா, புள்ள?"

எங்கெங்கோ அலைந்து மருந்தும் கொண்டுவந்தார். ஒரு வேட்டுக்குக் கெட்டித்து, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டினார். வீட்டுக்குப் பின்னால் இருந்த பால்காரரின் மாட்டுக் கொட்டகையில், சாணிக் குவியலுக்குள் புதைத்து வைத்தார். சோதனை போட வந்த சிப்பாய் குவியலருகே குனிந்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

"பார்த்தியா என் மூளைய!"

"தலைக்குள்ள இருக்கிறதத்தானே வெளிய குவிச்சு வச்சிருக்கீங்க."

பெண் பிறந்தாள். ஆனால் வேட்டுச் சத்தம் கேட்டால் எங்கள் தலை போய்விடும். "அவன் போகட்டும், போடலாம்" என்றார். அவன் போகவில்லை. சயாமில் ரயில் ரோடு போட ஆள் பிடித்தார்கள். இவரையும் பால்காரரையும் ஒரே லாரியில் ஏற்றினார்கள்.

"குழாய யாரையும் தொட விடாத. நேர்ந்தவன் நான், நான்தான் கொளுத்தணும்" என்று லாரியிலிருந்து கத்தினார்.

"அப்ப சீக்கிரமா வந்து கொளுத்துங்க!" என்று நானும் கத்தினேன். வாயில் அவ்வளவுதான் வந்தது.

மரவள்ளிக்கிழங்கை ஊட்டும்போதெல்லாம் மகளிடம் சொல்வேன்: "அப்பா வந்து உனக்கு டமால்னு வேட்டுப் போடுவாரு. காதைப் பொத்திக்கணும்." அப்பாவின் முகம் அவளுக்கு மறந்துபோனது. காதைப் பொத்த மட்டும் மறக்கவில்லை.

சண்டை முடிந்து, எலும்பும் தோலுமாய் ஆட்கள் திரும்பினார்கள். ஒருநாள் பால்காரர் என் வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

"அண்ணே, அவரு எங்க?"

அவர் கொட்டகைப் பக்கமாகவே பார்த்தார். "காய்ச்சல்ல போயிட்டான், தங்கச்சி. நான்தான் மண்ணு போட்டேன்."

நான் அழுது ஓயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "அவனுக்கு ஒரு வேட்டுக்கூடப் போடல. அந்தக் குழாய எடு, கருமாதிக்குப் போட்டுடலாம்."

எங்கள் ஆட்கள் சாவுக்கும் வேட்டுப் போடுவார்கள்தான்.

"அது சாவுக்கு இல்லண்ணே. புள்ளைக்கு நேர்ந்தது."

குழாயைத் தோண்டி எடுத்துத் துடைத்து, மகளையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பால்காரரும் கூடவே வந்தார். அவளைத் தள்ளி நிறுத்திவிட்டு நானே கொளுத்தினேன்.

புஸ்ஸென்றது. கொஞ்சம் புகை வந்தது. அவ்வளவுதான். இத்தனை நாளும் சாணி ஈரம் மருந்துக்குள் இறங்கியிருக்கிறது. மூளைக்காரர் அதை மட்டும் யோசிக்கவில்லை.

"வேற மருந்து போட்டுப் பாப்போமா, தங்கச்சி?" என்றார் பால்காரர்.

"வேணாண்ணே. அது அவரு கையால கெட்டிச்சது."

திரும்பிப் பார்த்தேன். மகள் கண்ணை இறுக மூடி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள். கையை நான்தான் பிடித்து விலக்கினேன்.

"வெடிச்சிருச்சாம்மா?"

"வெடிச்சிருச்சுடி கண்ணு. சயாம் வரைக்கும் கேட்டிருக்கும்."