பங்களா நாயின் மெத்தை

எங்கள் சுரங்கத்துத் துரை வீட்டு நாய்க்குப் பஞ்சு மெத்தை உண்டு, குளிருக்குக் கம்பளி உண்டு, காலையில் ஆட்டெலும்பு சூப் உண்டு. வாலை ஒட்ட வெட்டிய அந்தக் குட்டை நாய் ஒரு தரம் இருமினால் போதும், பங்களாவில் உள்ள அத்தனை பேரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். துரைசானி அதன் மூக்கோடு மூக்கை உரசிக் கொஞ்சுவாள். 

தங்க வயலுக்கு மின்சாரம் வராத காலம் அது. அக்கா புருஷன் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டில் பாறை விழுந்து செத்த பிறகு, ஊரிகம் கூலி லைனில் ஒரு மூங்கில் தட்டி வீட்டில் அக்காவும் நானும்தான். எனக்கு அவளை விட்டால் யாரும் இல்லை. மிஷன் பள்ளியில் கற்ற தையல் எனக்குப் பங்களா வராந்தாவில் ஓர் இடம் வாங்கித் தந்தது. அக்காவுக்குக் கிடைத்தது நாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கோயிலுக்குப் போவோம். துரை முயல் சுடப் போவார். நாயும் கூடவே புதரெல்லாம் புகுந்துவிட்டு, காது நிறைய உண்ணியோடு திரும்பும். அவற்றைப் பிடுங்குவதுதான் அக்காவின் உத்தியோகம். எங்கள் ஊர்ப் பக்கம், வட ஆற்காட்டில், மாட்டுக்கு உண்ணி பிடுங்கினால் வரட்டி நெருப்பில் போடுவோம். பங்களாவில் புகை ஆகாது. ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் கேட்டாள். அந்த நாற்றம் நாய்க்கு ஆகாதாம். தலையில் பேன் பார்த்தே பழகிய எங்கள் பெண்களின் கைக்கு வேறு என்ன வழி தெரியும்? இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே வைத்து ஒரு குத்து. இரத்தம் நகக்கண்ணில் தெறிக்கும். முந்தானையில் துடைத்துவிட்டு அடுத்ததைப் பிடுங்குவாள். சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்து அவள் விரல் முனையெல்லாம் வெடித்துக் கிடக்கும்.

துரைசானிக்கு உண்ணி நகத்தில் வெடிக்கும் சத்தம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள்.

"தொரசானி சொல்றாங்க, நீ ரொம்பக் கெட்டிக்காரியாம்" என்று பட்லர் மொழிபெயர்ப்பான். பழைய கோட்டு ஒன்றை இனாமாக வாங்கி மாட்டிக்கொண்டு, துரையை விடத் துரையாக நடக்கும் ஆள் அவன்.

லைன் பெண்கள் மட்டும் லேசா? "கொடுத்து வெச்சவடி நீ. ஒக்காந்த எடத்துல நாய்க்குப் பேன் பாக்குற வேலை!" என்று பொருமினார்கள். பொறாமைப்படுவதற்கு எங்கள் ஜனங்களுக்கு நல்ல பொருள் கிடைத்தது.

ஒரு நாள் நாய் சூப்பைத் தொடவில்லை. ஈறு வெளுத்தது. மூத்திரம் காப்பிக் கஷாயம் மாதிரி இறங்கியது. வெள்ளைக்கார டாக்டர் காலையிலும் மாலையிலும் குதிரை வண்டியில் வந்து அதன் வாயைத் திறந்து பார்த்தார். அதே வாரம் அக்கா படுத்தாள். மண்டையைப் பிளக்கும் தலைவலி, அனலாகக் காய்ச்சல். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புள்ளிகள் கிளம்பி மேலே ஏறின. கம்பவுண்டர் கொடுத்த கொயினா மருந்துக்கு எதுவும் கேட்கவில்லை.

நாயின் நோயை உண்டாக்குவது ஒரு கிருமி, மனிதருக்கு வருவது வேறு என்று இப்போதைய டாக்டர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். இரண்டும் ஏறி வந்த வண்டி உண்ணிதான். அன்றைக்கு அது எவருக்கும் தெரியாது. அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. தெரியாதவர்கள் தெரிந்தவர்கள் போல நடந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

டாக்டரின் வண்டியைப் பங்களா வாசலில் மறித்துக் கும்பிட்டேன். "எங்க அக்காவ ஒரு தரம் வந்து பாக்கச் சொல்லுங்க ஐயா" என்று பட்லரிடம் கெஞ்சினேன்.

"இன்னாமே இது? அவரு நாயப் பாக்க வந்துருக்காரு. வழிய வுடு."

நாய் செத்தது. ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். துரைசானி கறுப்புக் கவுன் போட்டுக்கொண்டாள். டாக்டருக்கு இப்போது நேரம் கிடைத்தது. லைனில் யாருக்கோ புள்ளி போட்டிருக்கிறது என்ற பேச்சும் காதில் விழுந்திருக்க வேண்டும், வந்தார். எங்கும் பிளேக் பயம் இருந்த சமயம். வாசலிலேயே நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அக்காவின் நாடியைக்கூடத் தொடாமல் தீர்ப்புச் சொன்னார்: அசுத்தமான வீடு, அதுதான் நோய். தட்டிகளைப் பிரித்துக் கொளுத்தச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வேப்பமரத்தடியில் போட்டோம். மார்கழிக் காற்று. நான்கு பக்கமும் புடவையைக் கட்டி மறைத்தேன். வீடு எரிவதை அவள் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"நம்ம ஊட்டக் கொளுத்துறானுங்க. நாய் மெத்தைய இன்னா பண்ணானுங்களாம்?" என்று கேட்டாள்.

"வெயில்ல காயப் போட்டுருக்காங்கக்கா" என்றேன்.

சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் தெளிவாகப் பேசவில்லை. மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள்.

கொஞ்ச நாள் பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தேன். பங்களாவிலிருந்து ஆள் வந்தது. பெங்களூரிலிருந்து புதுக் குட்டி ஒன்று வந்திருக்கிறதாம். மெத்தையின் ஓரம் பிரிந்திருக்கிறது, தைக்க வேண்டுமாம். வயிறு என்று ஒன்று இருக்கிறதே, போனேன். வராந்தாவில் பட்லர் கை கழுவும் பேசின் ஒன்றோடு நின்றான். மருந்துத் தண்ணீர், மூக்கைத் துளைத்தது.

"கைய நல்லாக் கழுவிட்டு மெத்தையத் தொடு. டாக்டர் சொல்லிட்டாரு. லைன் ஜுரம் குட்டிக்கு ஒட்டிக்கப் போவுது."

கழுவினேன். அக்கா செத்தாளே என்று அந்த வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெத்தையை மடியில் போட்டு ஓரத்தைத் திருப்பினேன். மடிப்புக்குள் உண்ணிகள், பெரியதும் சிறியதுமாக, வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. துரைசானியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வீலென்று கத்தினாள். பட்லர் அதையும் மொழிபெயர்த்தான்.

"இதெல்லாம் ஒன் ஊட்லேர்ந்து நீ கொண்டாந்ததாம்."

ஊசியை மெத்தையிலேயே குத்திவிட்டு எழுந்தேன்.

"எந்த ஊட்லேர்ந்துன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றேன். "அதத்தான் கொளுத்திட்டீங்களே."

அதை மட்டும் அவன் மொழிபெயர்க்கவில்லை.