சரசுவின் மழைப்பூ

எங்கெங்கோ பிறந்தவர்கள் வீடு வாசலைத் துறந்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். அவர்களுக்குச் சோறு போட ஆள் உண்டு, விழுந்து கும்பிட ஆள் உண்டு. அவர்கள் விட்டுவிட்டு வந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்கத்தான் நாதி கிடையாது. சரசு அப்படி ஒரு வீட்டுக்காரி.

செங்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் அப்பாதுரைக்கு வேர்க்கடலை போடுகிற மல்லாட்டைக் கொல்லை கொஞ்சம் இருந்தது. அதிர்ந்து பேசாத மனுஷன். எழுபத்தொன்றாம் வருஷம் ஒரு நாள் காலை, களை வெட்ட ஆள் கூப்பிட்டு வருகிறேன் என்று போனான். ஆளும் வரவில்லை, அவனும் வரவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு சொந்தக்காரர் வந்து, காட்பாடி ஸ்டேஷனில் காவி வேட்டியோடு பார்த்ததாகவும், காசிக்குப் போகிறேன் என்று சொன்னதாகவும் சேதி சொன்னார். நல்லா இருக்கிறதே நியாயம்! அவன் காசிக்குப் போனானாம், இவள் களைக்கொட்டைப் பிடித்தாளாம்.

மாமியார் ராணியம்மாள் மண்ணில் புரண்டு அழுதாள். சரசு அழவில்லை. "கல்லு மாதிரி குந்தினு இருக்கறா பாரு" என்று ஊர் பேசியது. கல்நெஞ்சு எல்லாம் இல்லை. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போய்க் கிள்ளினாலும் தெரியாதே, அவளுக்கு உள்ளே அப்படி ஆகிவிட்டது. குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியாது. மாமியார் சொன்னால்தான் உண்டு.

"எம் புள்ள எங்கியோ உசுரோடதான் இருக்கான். நீ பொட்டு வெக்காம இருக்கக் கூடாது" என்றாள் ராணியம்மாள். சரி என்று வைத்துக்கொண்டாள். கொழுந்தன் நிலத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அதற்கும் சரி. மாமியாரும் மருமகளும் திருவண்ணாமலை டவுனுக்கு வந்து, ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதி ஒன்றில் அறை பெருக்கித் துணி துவைக்கிற வேலை சரசுவுக்குக் கிடைத்தது.

அந்த விடுதியில் மார்த்தா என்று ஒரு வெள்ளைக்கார அம்மாள் வருஷக்கணக்கில் தங்கியிருந்தார். அவர் ஊரில் வெயில் காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது குரோக்கஸ் என்று ஒரு பூ பூக்குமாம். இலையே இல்லாமல், வெறும் தரையைப் பிளந்துகொண்டு வருமாம். அதன் கிழங்கைக் கொண்டுவந்து இங்கே நட்டார். நம் ஊர் கத்திரி வெயில் சும்மா விடுமா? மண்ணுக்குள்ளேயே வெந்து போயிற்று. அப்புறம் பெங்களூரில் யாரிடமோ சொல்லி, அதே மாதிரி பூக்கிற வேறு கிழங்கை வாங்கி வந்தார். பார்ப்பதற்குச் சின்ன வெங்காயம் போல இருக்கும். ஊருக்குத் திரும்பும்போது, "இது உனக்கு, சரசு" என்று ஒரு கைப்பிடி கொடுத்துவிட்டுப் போனார்.

சரசு அதை வீட்டு வாசலில் வேலியோரம் நட்டு, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். கோரைப்புல் மாதிரி இலை மட்டும் செழித்து வளர்ந்ததே தவிர, ஒரு மொட்டைக் காணோம். எதிர்வீட்டுப் பச்சையம்மாள், "வெங்காயத்தை நட்டுட்டு ரோஜா பூக்கும்னு பாக்கறியாடி?" என்று கேலி செய்தாள்.

மறு வருஷம் கோடையில் ராணியம்மாள் ஊரில் போய்ப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டதும் சரசுதான். சாவு வீட்டில் பெண்கள் அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுடி, அழுதுடு" என்றார்கள். அப்போதும் வரவில்லை. காரியம் முடிந்து திரும்பி வந்தால், பாத்தி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தண்ணீர் ஊற்றவும் தோன்றவில்லை, பிடுங்கிப் போடவும் தோன்றவில்லை. விட்டுவிட்டாள்.

ஐப்பசியில் இரண்டு நாள் நல்ல மழை பிடித்தது. அது விட்ட பிறகு ஒரு காலை, டீ டம்ளரோடு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வேலியோரம் முழுக்க வெள்ளை. விரல் நீளக் காம்பில் ஒவ்வொரு பூ, நடுவில் மஞ்சளாகக் கேசரம். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாக விரிந்தது. டம்ளரில் டீ ஆடை கட்டிப்போனது. அவளுக்கு நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது, அதுதான் ஆச்சரியம்.

காயப்போட்டால்தான் இது பூக்கும் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு கோடையில் சொட்டுத் தண்ணீர் காட்டமாட்டாள். கிழங்கு தானே பெருகி, பாத்தி வேலியின் மறுகோடி வரை போயிற்று. மழைப்பூ என்று அவளாக ஒரு பெயர் வைத்தாள். வாசனை கிடையாது, சரம் தொடுக்கவும் வராது. பச்சையம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"தலைக்கு வெக்க முடியாத பூ இன்னாத்துக்குடி?"

"பாக்கறதுக்கு."

ஐப்பசியில் பூக்கிற அந்தச் சில காலைகளில், வேலைக்குக் கிளம்புமுன் வெறுமனே எதிரே உட்கார்ந்திருப்பாள். வருஷம் பூராவும் ஏதோ ஓடும். அந்தக் காலைகளில் மட்டும்தான் தான் உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷ ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. சாயந்திரம் மொட்டுகளைப் பார்த்துவிட்டுப் படுத்தாள். காலையில் வெறும் காம்புகள் நின்றன. மறுநாளும் அப்படியே.

"யாரோ சாமியார் விடியக்காலம் வந்து பறிச்சினு போறாரு. நான்தான் பறிச்சிக்கோங்க சாமின்னேன். உனுக்கும் புண்ணியந்தானே" என்றாள் பச்சையம்மாள். அடி பாவி, ஊரான் வீட்டு நெய்யே!

சரசுவுக்கு வயிறு எரிந்தது. எத்தனையோ காலமாக எதற்கும் எரியாத வயிறு.

மூன்றாம் நாள் வெளுக்கும்போதே கதவைத் திறந்து வெளியே வந்தாள். காவி கட்டிய ஒருவர் வேலியோரம் குனிந்து, மொட்டுகளைக் கிள்ளிக் கிள்ளிப் பூக்குடலையில் போட்டுக்கொண்டிருந்தார். சாமிக்குப் பறிக்கிற பூவை இடது கையால் பறித்தார். அந்தக் கையைப் பார்த்ததுமே சரசுவுக்குத் தெரிந்துவிட்டது. பீச்சாங்கையால சாப்பிடாதடா என்று ராணியம்மாள் தலைதலையாய் அடித்துக்கொண்ட கை அது. தாடி நரைத்திருந்தது, உடம்பு வற்றியிருந்தது. அப்பாதுரைதான்.

அவர் நிமிர்ந்து அவளை நேருக்கு நேர் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"சிவனுக்கும்மா" என்றார்.

அம்மாவாம்! அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. மறைக்கிறாரோ என்று கண்ணையே பார்த்தாள். மறைக்க அங்கே ஒன்றுமில்லை.

"வேற எங்கனா போய்ப் பறிச்சிக்கோங்க. இது நான் வெச்சது."

"எல்லாம் அவன் வெச்சதும்மா."

"அவன் வெக்கல! நான் வெச்சேன். வெயில்ல காயப்போட்டு, எப்ப மழை வரும்னு வருஷம் பூரா பாத்தினு இருந்தது நானு. அவன் இன்னா பண்ணான்? போனான்!" சந்து முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே பாய்ந்து போய், குடலையிலிருந்து பூவை இரண்டு கையாலும் அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள்.

பச்சையம்மாள் ஓடி வந்தாள். "ஐயோ, சாமிக்குப் பறிச்ச பூவைப் பிடுங்கறியே, பாவம்டி! சாமி, இவ புருஷன் இல்லாம தனியா கஷ்டப்படறவ, மனசுல வெச்சிக்காதீங்க."

அப்பாதுரை கோபப்படவில்லை. பழைய நிதானம் அப்படியே இருந்தது. சரசுவின் நெற்றியைப் பார்த்தார். அங்கே குங்குமம் இருந்தது. எந்தப் பெண்ணுக்கும் சொல்வதைப் போலக் கையைத் தூக்கி, "தீர்க்க சுமங்கலியா இரும்மா" என்று சொல்லிவிட்டு, காலிக் குடலையோடு மலைப்பக்கம் நடந்தார்.

சரசு பாத்தி ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் ஒரு விக்கல் மாதிரி வந்தது. அப்புறம் வந்த அழுகையை நிறுத்த முடியவில்லை. புருஷன் போனபோது அழாதவள், மாமியார் பிணத்தின் முன் அழாதவள், மடியில் மொட்டுகளை அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவர் யாரென்று அவள் பச்சையம்மாளிடம் சொல்லவில்லை, சொல்கிற நிலையிலும் இல்லை.

பச்சையம்மாள் பக்கத்தில் குந்தி அவள் முதுகைத் தடவினாள்.

"அடி பைத்தியமே, நாலு பூவுக்கா இந்த அழுவை? விடு, நாளைக்கு வேற பூக்கும்."