பாலி என்றால் நிறைய

என் எட்டாவது வயதில் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு முன்னொட்டு இருந்தது. அம்மாவின் குரல் ஹைப்பர், அதாவது அதிகம். மாடித் தொட்டியில் தண்ணீர் ஹைப்போ, அதாவது குறைவு. ஏரவாடா போகும் பஸ் பிராடி, அதாவது மெதுவு. அந்த பஸ்ஸுக்காக ஓடும் அப்பா டாக்கி, அதாவது வேகம்.

இந்தச் சொற்களை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பியான என் மாமா. கோயம்புத்தூரில் பி.காம். முடித்த அவர், எப்படியோ புனேயில் ஒரு மருந்துக் கம்பெனியின் ரெப்பாக, அதாவது டாக்டர்களிடம் மருந்தை எடுத்துச் சொல்லும் பிரதிநிதியாகச் சேர்ந்து எங்களோடு தங்கியிருந்தார். நோயின் பெயர் எத்தனை நீளமாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், ரயிலைப் போலப் பெட்டி பெட்டியாகக் கழற்றலாம் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதல் பெட்டி கிரேக்கமாகவோ லத்தீனாகவோ இருக்கும். எவ்வளவு, எங்கே, எப்படி என்பதை அதுவே சொல்லிவிடும். தினமும் மாமா மனப்பாடம் செய்வார், நான் கேள்வி கேட்பேன். அவருக்கு மறந்ததெல்லாம் எனக்கு மனப்பாடமானது.

மாமாவின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மாவை ஒரு தடவையாவது நேரில் சந்தித்துப் பேசினால்தான் ஆகும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் ஊரில் தாத்தாவின் சிமென்ட் கடை காத்திருந்தது. சிமென்ட் தூசியில் மாமாவுக்குத் தும்மல் நிற்காது. டாக்டரம்மாவோ ரெப்புகளைப் பார்ப்பதே இல்லை. கம்பவுண்டர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்த வருடம் எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் கணபதி விழாவில் குழந்தைகளுக்கான திறமைப் போட்டிக்கு டாக்டரம்மாதான் நடுவர். அதைக் கேட்டதும் மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"அக்கா, நடுவர்னா பாதியில எந்திரிச்சுப் போக முடியாதில்ல?"

"ஏண்டா, கொழந்தய மேடையேத்தி மாத்திர விக்கப் போறயா? வெக்கமா இல்ல?"

"நான் எங்க விக்கறேன்? அம்மிணி நோய்ப் பேரப் பிரிக்கப் போறா. நான் சும்மா பக்கத்துல நிக்கப் போறேன்."

போட்டியில் இரண்டு பேர் சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். ஒரு குட்டிப்பையன் தக்காளி வேடத்தில் வந்து அழுதான். அடுத்து நாங்கள். மாமா நோய்ப் பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் இந்தியில் பிரித்துச் சொன்னேன். முன்வரிசை ஆஜிகள், அதாவது மராத்திப் பாட்டிகள் எல்லாம் "வாஹ் பேட்டி!" என்றார்கள். எங்கள் பாட்டிகளை விட அவர்களுக்கு உற்சாகம் அதிகம். கைதட்டல் மாமாவின் தலைக்கு ஏறிவிட்டது.

"இப்போது சர்க்கரை வியாதி. அதற்கு எங்கள் கம்பெனியின் மாத்திரை ஒன்று..." என்று ஆரம்பித்தார்.

கூட்டம் சிரித்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுந்து வந்து மாமாவின் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார். கூட்டத்தின் ஓரத்தில் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டது தெரிந்தது.

"காய் ரே" என்று மராத்தியில் அதட்டிவிட்டு, "நீ ரெப்தானே?" என்றார் டாக்டரம்மா. "குழந்தையைக் கேட்டது போதும். உன்னை நான் கேட்கிறேன். ஹைப்பர்கிளைசீமியா?"

"ஹைப்பர், அதிகம். கிளைசி, சர்க்கரை. ஈமியா, ரத்தத்தில். ரத்தத்தில் சர்க்கரை அதிகம், மேடம்."

"பாலியூரியா?"

"பாலி, நிறைய. யூரியா, சிறுநீர். சிறுநீர் நிறையப் போவது."

"பாலிடிப்ஸியா?"

அப்போது பார்த்து ஒரு விமானம் தாழ்வாக இறங்கியது. எங்கள் பகுதியில் விமானம் போனால் சாமி கும்பிடுபவர்கள்கூட ஆரத்தித் தட்டைப் பிடித்தபடி காத்திருப்பார்கள். கூட்டமே காத்திருந்தது. சத்தம் அடங்கியபிறகும் மாமா வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "தாகம்! நிறையத் தாகம்!" என்று கத்திவிட்டேன்.

"தெரியும்மா, அவனுக்கும் தெரியும்" என்றார் டாக்டரம்மா. பிறகு மைக்கைத் தள்ளிப்பிடித்து மாமாவிடம், "நாளைக்கு காலையில் கிளினிக்குக்கு வா. குழந்தையைக் கூட்டிவராதே" என்றார்.

முதல் பரிசு தக்காளிக்குப் போனது. எனக்கு மூன்றாம் பரிசாக ஒரு பென்சில் டப்பா. படியேறும்போது நான் பொருமித் தீர்த்தேன்.

"ரெண்டு பாலி குடுத்தாங்க மாமா! ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணு தானா வரும். அதுக்குப் போயி முழிச்சு நின்னீங்களே!"

"ஆமா கண்ணு, முழிச்சுட்டேன்" என்றார் மாமா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். மூன்றாம் பரிசுக்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறவரை நான் பார்த்ததில்லை.

கடைசிச் சொல்லை மறந்துவிட்டார் என்றே பல வருடங்கள் நினைத்திருந்தேன். நான் வேலைக்குப் போன பிறகு ஒருநாள் மாமாவிடமே கேட்டேன். உள்ளே விடாத நாட்களில் எல்லாம் ரெப்புகள் தங்கள் மாத்திரையைப் பற்றிய வழவழப்பான காகிதம் ஒன்றைக் கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டு வருவார்களாம். மேடையில் அந்த மூன்றாவது சொல்லைக் கேட்கும்வரை, அது நேராகக் குப்பைக்குப் போகிறது என்றுதான் மாமா நம்பியிருந்தார். மாமா கொடுத்துவந்த காகிதத்தில் முதல் மூன்று வரிகள் ஹைப்பர்கிளைசீமியா, பாலியூரியா, பாலிடிப்ஸியா. அதே வரிசையில்.