முந்தியில் முடிந்த சோப்பு

அப்பா என்றால் எனக்கு முதலில் கிரீஸ் மணம்தான் நினைவுக்கு வரும். குர்லாவில் இரும்புச் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் மிஷின் ஓட்டினார். தாராவிக்குத் திரும்பி எங்கள் சந்துக் குழாயில் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது, எனக்கு உருட்டித் தரும் சோற்றில்கூட அந்த மணம் லேசாக இருக்கும். ஒரு மழைக்காலத்தில் அது இல்லாமல் போயிற்று. கம்பெனியில் ஸ்ட்ரைக். முதலில் மணம் போனது, பிறகு நகத்துக் கறுப்பு போனது, கடைசியில் அப்பாவின் கை எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் கை மாதிரி வெளுத்துவிட்டது.

நான் பிறவியிலேயே கூச்சக்காரன். யாரிடம் பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். அந்த மழைக்காலத்தில் எங்கள் சந்தில் எல்லாருமே என்னைப்போல ஆகிவிட்டார்கள். அதற்குக் காரணம் 'மதத்'. ஸ்ட்ரைக்கில் இருந்தவர்களுக்கு வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை யூனியன் ஆபீஸில் அரிசியும் பருப்பும் கொஞ்சம் ரூபாயும் கொடுத்தார்கள். உதவி என்ற அர்த்தத்தில் இந்திக்காரர்கள் சொன்ன அந்தச் சொல் எங்கள் வீடுகளிலும் புழங்கிற்று. மாதாமாதம் எல்லாரும் கட்டிய சந்தாவும், மற்ற கம்பெனிக்காரர்கள் உண்டியல் குலுக்கிச் சேர்த்ததும்தான் அந்த அரிசி. அதனால் ஒரு சட்டம் இருந்தது. வேறு இடத்தில் கூலிக்குப் போகிறவனுக்கு மதத் கிடையாது. அவன் 'கருங்காலி'. கம்பெனிக்குள் திருட்டுத்தனமாய் வேலைக்குப் போகிறவனைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்றாலும், எங்கள் சந்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். அந்தப் பெயர் விழுந்த வீட்டுக்குக் குழாயடியில் யாரும் குடத்தை நகர்த்தி இடம் விடமாட்டார்கள்.

யார் எங்கே போகிறார்கள் என்பதைக் கை காட்டிக்கொடுத்துவிடும். சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் கொத்து வேலை, பிசின் ஒட்டியிருந்தால் பெட்டி செய்கிற வேலை. தாராவியில் ஆள் கிடைக்காமல் தவித்த தோல் பட்டறைகளில் கடுக்காய்த் தண்ணீரில் தோலை முக்கி எடுக்கிறவன் கையில் மஞ்சளாக ஒரு கறை ஏறும். கடையில் சாமான் வாங்கினாலும் பீடி கேட்டாலும், நீட்டுகிற கையை எல்லாரும் ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார்கள். வெளுத்த கைதான் யோக்கியமான கை.

அப்பாவின் கை மஞ்சளானது. எந்த நாளிலிருந்து என்று எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் பார்த்தவர் பக்கத்து வீட்டுச் சுடலை அண்ணாச்சி. அவரும் அதே கம்பெனிதான். குழாயடியில் அம்மாவிடம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"தங்கராசு கையைப் பாத்தியாம்மா? கடுக்காத் தண்ணியில முக்குனாப்புலல்லா இருக்கு."

"உம்ம கண்ணுக்குத்தான் மஞ்சக்காமாலை வந்திருக்கும் அண்ணாச்சி. ஆஸ்பத்திரில போயிக் காட்டும்."

பெண்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "சிரிங்கட்டி, சிரிங்க. ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல கையை நீட்டட்டும், அப்பம் தெரியும்."

அப்பா அந்த வாரம் முழுக்க லுங்கி மடிப்புக்குள் கையை வைத்துக்கொண்டே இருந்தார். வீட்டு அரிசிப் பானையை அம்மா சுரண்டுகிற சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அம்மியில் மிளகாயும் பூண்டும் மஞ்சளும் வைத்து, "இந்தாங்க, அரைச்சுத் தாங்க" என்றாள். அப்பா உட்கார்ந்து குழவியைப் பிடித்தார். கறிக்கு வழியில்லாத வீட்டில் அவ்வளவு மஞ்சள் எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

குர்லாவில் தகரக் கொட்டகை ஒன்றில்தான் யூனியன் ஆபீஸ். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. செக்ரட்டரி கதம் காக்கா, ரத்னகிரிக்காரர், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான்: "ஹாத் திகாவ்." ஒவ்வொருவரும் கையைக் காட்டிவிட்டுப் பையை விரித்தார்கள். அப்பா முறை வந்தது. பையை நீட்டினார், கையை விரிக்கவில்லை.

"காட்டும் ஓய்" என்றார் சுடலை அண்ணாச்சி பின்னாலிருந்து. "கல்யாணப் பொண்ணா நீரு, மருதாணியை மறைக்க?"

அப்பா காட்டினார். உள்ளங்கை முழுக்க மஞ்சள். கதம் காக்கா எங்கள் பையை ஓரமாகத் தள்ளி வைத்தார். யாரோ மெதுவாக, "கருங்காலி" என்றார்கள்.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து அம்மா உள்ளே வந்தாள். "அது மசாலா அரைச்ச கை. நான் மாட்டுங்காவுல பாத்திரம் தேய்க்கப் போறேன். வீட்டுல இவுகதான் அரைக்காக, இவுகதான் ஆக்குதாக. ஆம்பளைக்கு வெளிய சொல்ல வெக்கம். இப்பம் நானே சொல்லிட்டேன், போதுமா?"

ஒருவர் அதைக் கதம் காக்காவுக்கு இந்தியில் சொன்னார். அம்மா முந்தி முடிச்சை அவிழ்த்துத் துணி சோப்புத் துண்டு ஒன்றை எடுத்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்தாள். "மஞ்சன்னா சோப்புப் பட்டதும் செவக்கும். கடுக்கான்னா செவக்காது. கழுவச் சொல்லிப் பாருங்க."

கதம் காக்கா தாமே சொம்பில் தண்ணீர் ஊற்றினார். அப்பா தேய்த்தார். நுரை சிவந்தது. விரல் நுனியிலிருந்து சிவப்பாய்ச் சொட்டியது. கொட்டகை முழுக்கச் சிரிப்பு. "குழம்புல உப்பு கரெக்டா இருக்குமாவே?" என்று ஒருவர் கேட்டார். "நம்ம வீட்டுக்கும் ஒருநாள் அரைக்க வாரும்" என்றார் இன்னொருவர். கதம் காக்கா பூண்டு மணந்த அந்தக் கையை ஒருமுறை மோந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, அரிசியை அளந்து போட்டார். அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அவருக்கு 'மசாலா' என்று பெயர். கருங்காலியைவிட அது தேவலை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதிதான். ஸ்ட்ரைக் முடிந்தபோது கம்பெனி அப்பாவைத் திரும்ப எடுக்கவில்லை. மதத்தும் நின்றது. நாலாவதோடு என் படிப்பும் நின்றது. அப்பா தோல் பட்டறைக்குப் போனார், இந்த முறை எல்லாருக்கும் தெரியும்படி. முதல் நாள் நான்தான் சோற்றுச் சட்டி கொண்டுபோனேன். தொட்டிக்குள் கையை விட்டு, தோலின் எந்தப் பக்கத்தைப் பிடித்தால் வழுக்காதோ அந்தப் பக்கத்தைப் பிடித்து, ஒரே வீச்சில் புரட்டிப் போட்டார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்றவன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், ரொம்ப நாள் பழகினவன் மாதிரி.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு எந்த நாளிலும் அப்பா அம்மியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பகலில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன் என்பதும் உண்மை. யூனியன் ஆபீஸுக்கு அரிசி வாங்கப் போகிற பெண் எதற்காக முந்தியில் சோப்பை முடிந்துகொண்டு போகிறாள்? அண்ணாச்சிதான் முன்கூட்டியே சவால் விட்டிருந்தாரே என்றும் பதில் சொல்லிக்கொள்கிறேன். மஞ்சளுக்கு அடியில் வேறு கறை இருந்திருந்தால் சோப்புக்குத் தெரியுமா என்று அதற்கும் ஒரு கேள்வி வருகிறது.

இப்போது அந்தத் தகரக் கொட்டகை இல்லை, அந்த இடத்தில் மொபைல் கடை. எங்கள் பக்கத்துத் தோல் பட்டறைகள் போய்விட்டன, அப்பாவும் போய்விட்டார். கோபர்கைரனேயில் என்னோடு இருக்கும் அம்மாவிடம் போன மாதம் ஒருவழியாகக் கேட்டேவிட்டேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அரிசியை நீ தின்னியா இல்லியாலே?"

"தின்னேன்."

"பின்னே என்ன கேள்வி?"

என் மகன் தினேஷ் பைக்கில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். இந்த மழையில் அவர்களும் ஸ்ட்ரைக். சங்கத்திலிருந்து உதவிப் பணம் போனிலேயே வந்துவிடுகிறது. அரிசி கிடையாது, வரிசை கிடையாது, யாரும் யார் கையையும் பார்ப்பதில்லை. வேலைக்குப் போனால் போனில் ஒரு பச்சைப் புள்ளி எரியுமாம், அது யாருக்காவது எரிந்ததா என்று பார்க்கிறார்களாம். நேற்று சாயங்காலம் அவன் கூட்டாளி ஒருவன் வாசலில் வந்து நின்றான்.

"அங்கிள், நேத்து பூரா தின் தினேஷ் வீட்லயே இருந்தானா? குரூப்ல எல்லாரும் கேக்குறாங்க."

அவன் கேட்ட அந்த நாளில் பகல் முழுக்க நான் வேலையில் இருந்தேன். உள்ளே தினேஷ் தன் போனை மெல்லக் கவிழ்த்து வைப்பதைப் பார்த்தேன். கட்டிலில் அம்மா பூண்டு உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

என் வழக்கத்துக்கு மாறாக அந்தப் பையனின் முகத்தை நேராகப் பார்த்தேன். "எங்கூடத்தான்பா இருந்தான்" என்றேன்.

அம்மா மறுபடி உரிக்கத் தொடங்கினாள்.