ஆறாம் டிவிஷன் சம்பந்தி

ஸ்பெயின் நாட்டுக் கால்பந்து என்றதும் மற்றவர்களுக்குப் பெரிய பெரிய மைதானங்களும் கோடிக்கு விலைபோகும் ஆட்டக்காரர்களும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது உப்பிட்டு உலர்த்திய ஒரு பன்றித்தொடை. என் மகளின் மாமனாருடைய ஊர்க் கழகம், சொந்த ஊரில் விளையாடும் ஞாயிறுகளில், இடைவேளையின்போது சீட்டுக் குலுக்கி அதைப் பரிசாகக் கொடுக்கும். பார்க்க வருகிறவர்கள் நூற்றைம்பது பேர் இருப்பார்கள். அதில் நூறு பேர் தொடைக்காக வருகிறவர்கள் என்பது என் கணிப்பு. சம்பந்தியிடம் இதை நேரே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. நூற்றிருபது என்று திருத்தினார்.

அவரை முதன்முதலாகப் பார்க்கப் போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். நான் ஜெர்மனியில், வுப்பர்டாலில் பஸ் ஓட்டுகிறேன். அவர் பக்கத்து நகரமான ரெம்ஷைடில் கைக்கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வாழ்நாளெல்லாம் நின்று வேலை செய்து ஓய்வு பெற்றவர். எட்டு வயதில் தகப்பனோடு ஸ்பெயினிலிருந்து இங்கே வந்தவர். என் மகள் அவருடைய மகனை விரும்பினாள். நான் மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். பிறகு வேறு வழியில்லாமல் மனைவியையும் மகளையும் பலகாரத் தட்டையும் ஏற்றிக்கொண்டு போனேன். சம்பந்தம் பேசப் போன வீட்டில், சம்பந்தி சீனிப் பாத்திரத்தில் கைபேசியைச் சாய்த்து வைத்து மாட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் என்றும் சொல்ல முடியாது. அந்த ஊரில் யாரோ ஒருவர் தன் கைபேசியைத் தூக்கிப் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். பாதி நேரம் அவருடைய விரல்தான் தெரிந்தது. ஒருமுறை பந்து வேலிக்கு மேலால் பறந்து ஒருவருடைய முட்டைக்கோவாத் தோட்டத்தில் விழ, கோல்காப்பாளர் வேலியேறிக் குதித்து எடுத்துவரும்வரை ஆட்டம் நின்றது. வந்த ஆட்களை மறந்து சம்பந்தி மேசையில் கையால் குத்தினார். நாங்கள் கொண்டுபோன பற்றீஸ் தட்டு ஒரு துள்ளுத் துள்ளியது.

நானும் அவரும் ஜெர்மனில்தான் பேசுவோம். அதை இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"இது எங்கட ஊர்க் கழகம். கலிசியாவில. ஆறாம் டிவிஷன்," என்றார். ஏதோ ஆறாம் ஜார்ஜ் மன்னரை அறிமுகப்படுத்துவதுபோல.

அன்று எனக்கு அந்த டிவிஷன்களின் சட்டதிட்டம் முழுவதையும் விளக்கினார். நான் கேட்கவில்லை. மேலே நாலு டிவிஷன் நாடு முழுவதற்கும். ஐந்தாவது, பதினெட்டுக் குழுவாகப் பிரிந்து மாகாணம் மாகாணமாக நடக்கும். ஆறிலிருந்து கீழே எல்லாம் அந்தந்த மாகாணத்தின் சொந்த விவகாரம். ஐந்தாம் டிவிஷனிலிருந்து அவர்களுடைய மாகாணத்துக் கழகம் ஒன்று சறுக்கி விழுந்தால், ஆறில் இருந்து வழமைக்கு மேலாக இன்னொரு கழகமும் கீழே போக வேண்டும். அதற்கு இடம் விட ஏழில் இருந்து இன்னொன்று. எங்கோ ஒருவன் தோற்றதற்கு, ஒரு பிழையும் செய்யாத ஒருவன் விழுவான். பெரிய கழகங்களின் இரண்டாம் அணி முதலிடம் வந்தாலும், அதன் முதலாம் அணி ஒரு படி மேல் டிவிஷனில் இருந்தால், ஏற ஏலாது. மூத்தவள் இருக்க இளையவளுக்குக் கலியாணம் செய்யாத எங்கள் வீடுகள் மாதிரி. இவ்வளவையும் அவர் சீனிப் பைக்கற்றுகளை மேசையில் அடுக்கி, இறக்கி, ஏற்றிக் காட்டினார். ஒரு மனுசன் இவ்வளவு மூளையை இதற்குச் செலவழித்திருக்கிறானே என்று எனக்கு வயிறு எரிந்தது.

குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்பார்கள். இவர்கள் ஓட்டும் குதிரைக்குச் சட்டியும் வாடகை. தபால்காரர் ஒருவர் நடுக்களத்தில் விளையாடுவாராம். சனிக்கிழமை வேலை கூடினால் ஞாயிறு ஓடமாட்டாராம். மழைக்காலத்தில் எதிரணியின் வான் வண்டி பழுதாகி வராமல் விட்டதால் கிடைத்த வெற்றியைக்கூடச் சம்பந்தி விரல்விட்டு எண்ணி வைத்திருந்தார். எட்டு வயதில் விட்டுவந்த ஊர்! அந்தக் கழகத்துக்கு ஒருநாள்கூட ஒரு பந்து உதைத்தவர் அல்ல. வீட்டுக்குத் திரும்பும்போது காரில் நான் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மனைவியும் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

"அப்பா, எனக்குக் கலியாணத்தில ரெண்டு பேர் கட்டாயம் இருக்க வேணும்," என்றாள். "ஒண்டு அவற்ற அப்பா. மற்றது பெரியப்பா. வேற ஒண்டும் நான் கேக்கேல்லை."

அவளுடைய பெரியப்பா என்றால் என் அண்ணன். இதே வுப்பர்டாலில், என் வீட்டிலிருந்து பத்து பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிறார். மகளைச் சின்ன வயதில் நீச்சல் பழக்கக் கூட்டிக்கொண்டு போனவர் அவர். நான் வேலைக்குப் போன நாட்களில் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவந்து மடியில் வைத்துச் சோறு தீத்தினவர். ஒன்பது வருடமாக நாங்கள் இருவரும் பேசுவதில்லை. தமிழ்க் கடையில் எதிர்ப்பட்டால் நான் பருப்பு மூட்டைப் பக்கம் திரும்பி நிற்பேன். அவர் மீன்பெட்டிப் பக்கம் திரும்பி நிற்பார். காரணம், ஊரை விட்டு வந்தவர்கள் இங்கே எங்கள் ஊரின் பெயரில் நடத்தும் விளையாட்டுக் கழகம். அவர் தலைவராகவும் நான் செயலாளராகவும் இருந்தோம். ஒரு கொள்கைப் பிரச்சினையில் கழகம் இரண்டாக உடைந்தது.

"பெரியப்பாவைப் பற்றிக் கதையாதை," என்றேன். "அது கொள்கை. விளையாட்டில்லை."

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து சாத்திரியார் வட்ஸ்அப்பில் நாள் பார்த்து அனுப்பினார். ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை, பதினொன்று பதினைந்துக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில் தாலி. இங்கே மண்டபம் கிடைப்பது சனி ஞாயிறில்தான். அதற்கும் ஒரு வருடத்துக்கு முன்னமே டெர்மின் எடுத்து நாளைப் பதிந்து வைக்க வேண்டும். சம்பந்தியிடம் திகதியைச் சொன்னபோது, "ஜூனில எங்கட ஆக்களுக்கு ஒரு நாளும் மாட்ச் வராது. மே மாதத்தோடயே தோத்து முடிச்சிடுவாங்கள்," என்று சந்தோசமாகத் தலையாட்டினார்.

அந்த வருடம் பார்த்து அவர்கள் தோற்கவில்லை. தபால்காரருக்கு என்ன பிடித்ததோ, கோல் மேல் கோலாகப் போட்டார். ஐந்தாம் டிவிஷனுக்கு ஏறுவதற்கு இரண்டு ஆட்டம். முதலாவது எதிரியின் ஊரில். இரண்டாவது சொந்த ஊரில், எங்கள் கலியாண நாளன்று, பகல் பன்னிரண்டு மணிக்கு. சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். கோப்பியைத் தொடாமல் இருந்தார்.

"கனகாலத்துக்குப் பிறகு ஒரு சந்தர்ப்பம். ஊருக்கு விமானம் பாத்து வச்சிருக்கிறன். தாலி கட்டுறதைச் சனிக்கிழமைக்கு மாத்த ஏலாதோ?"

நான் கொதித்துப்போனேன். மண்டபம், ஐயர், மேளம், முந்நூறு பேருக்கு அழைப்பு எல்லாவற்றையும் ஒரு தபால்காரருக்காக மாற்றுவதா? "நீங்கள் மனுசரோ?" என்று கேட்டேன். "பெத்த பிள்ளையின்ர கலியாணத்தை விட ஒரு ஊர்க் கழகம் பெரிசோ? நாளைக்குச் சனம் கேட்டால் நான் என்ன சொல்லுறது? மாப்பிளையின்ர தகப்பன் பந்து பாக்கப் போயிட்டார் எண்டோ?" இன்னும் கனக்கச் சொன்னேன். ஜெர்மனில் திட்டுவதற்கு எனக்கு இருபது வருட பஸ் அனுபவம் இருக்கிறது. மகள் அறைக் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்து சப்பாத்தைப் போட்டார். குனிந்தபடியே, "நீங்கள் சொல்லுறது சரி. நான் வாறன்," என்றார்.

அவர் வந்தார். வேட்டி, சால்வை, நெற்றியில் சந்தனம் எல்லாவற்றோடும் மணவறைக்குப் பக்கத்தில் நின்றார். ஐயர் நிமிரச் சொல்ல நிமிர்ந்து, குனியச் சொல்லக் குனிந்து, அரிசியை எறியச் சொன்னபோது முழுப் பலத்தோடு எறிந்தார். ஆனால் பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க என்னைக் கூப்பிட்டுக் கைபேசியை என் கையில் தந்தார். தன்னிடம் இருந்தால் பார்த்துவிடுவாராம். நான் அதை என் சட்டைப் பையில் போட்டேன். தாலி கட்டும்போது அது மூன்று தடவை என் நெஞ்சில் அதிர்ந்தது. கெட்டிமேளத்துக்குள்ளும் எனக்கு அது கேட்டது. மகளின் கழுத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நான் அந்தச் சனியனைப் பற்றி நினைத்துக்கொண்டு நின்றேன் என்பதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மகள் நிமிர்ந்து ஆட்களைப் பார்த்தாள். முன்வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள். அவள் யாரைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் ஐயரைப் பார்த்தேன்.

சாப்பாட்டு மேசையில் சம்பந்திக்குப் பக்கத்தில் அமர்ந்து கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்றுக்குப் பூச்சியம். எதிரிக்கு. அவர் திரையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பயித்தங்காய்க் கறியைப் பிசைந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு இளக்காரம். இதற்குத்தானே இவ்வளவு கூத்து என்று நினைத்தேன்.

"உங்கட மகள் எப்பவும் சொல்லுற பெரியப்பா எங்கை? அறிமுகப்படுத்தேல்லையே," என்று கேட்டார்.

"வரேல்லை."

"சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறார்."

"வெளிநாட்டில இருக்கிறாரோ?"

"இஞ்சதான். வுப்பர்டாலில."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். வேறு யாராவது கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். ஆனால் இவர் கழக விவகாரம் தெரிந்த மனிதர், என் பக்கத்து நியாயம் இவருக்கு விளங்கும் என்று ஒரு மடத்தனமான எண்ணம் வந்தது. சொன்னேன். எங்கள் ஊர்க் கழகத்துக்கு யார் விளையாடலாம் என்பதுதான் பிரச்சினை. தகப்பன் எங்கள் ஊராக இருந்தால்தான் பிள்ளை விளையாடலாம் என்றேன் நான். கழகத்தின் யாப்பில், எழுதிவைத்த விதியில், அப்படித்தான் இருக்கிறது. தாய் எங்கள் ஊராக இருந்தாலும் போதும் என்றார் அண்ணர். அவர் ஒரு பெடியனை அப்படி இறக்கினார். நான் எதிர்த்துக் கடிதம் கொடுத்தேன். கழகம் இரண்டாகியது. இப்போது ஒரே பெயர், ஒரே சின்னம், இரண்டு கழகம்.

எதிர்பார்த்தபடி அவர் மிகவும் கவனமாகக் கேட்டார்.

"இது எந்த டிவிஷனில விளையாடுது?"

டிவிஷனா? வருடத்துக்கு ஒருநாள், கோடையில், வாடகைக்கு எடுத்த மைதானத்தில் ஊர்க் கழகங்கள் கூடி ஏழு பேர் ஏழு பேராக விளையாடுவோம். பிறகு கயிறு இழுத்து, சோறு தின்று, வீட்டுக்குப் போவோம்.

"டிவிஷன் எண்டு ஒண்டும் இல்லை," என்றேன்.

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் நான் தப்பியிருப்பேன். அவர் தன் வழக்கப்படி விதியைத்தான் யோசித்தார். மேசையில் கிடந்த இரண்டு பற்றீஸைத் தள்ளித் தள்ளி வைத்தார்.

"அப்ப நாளைக்கு எங்களுக்கொரு பேரப்பிள்ளை பிறந்தால்," என்றார், "தகப்பன் என்ர மகன். உங்கட கழகத்துக்கு விளையாட ஏலாது. உங்கட அண்ணையின்ர கழகத்துக்கு மட்டும்தான் விளையாடலாம். சரிதானே?"

ஒன்பது வருடத்தில் எனக்கு அது ஒருமுறைகூடத் தோன்றவில்லை. என் சொந்த மகளின் வயிற்றில் பிறக்கும் பிள்ளையை வெளியே தள்ளும் சட்டத்துக்காக நான் நின்று சண்டை பிடித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு இடம் வைத்திருந்தவரைக் கலியாணத்துக்குக் கூப்பிடவில்லை. ஆறாம் டிவிஷன் என்று ஒரு மனிதரை ஒரு வருடத்துக்கு மேலாக நக்கலடித்த வாய் அப்படியே காய்ந்துபோனது. வெட்கமாக இருந்தது. அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் உடுப்பில்லாமல் நிற்பது போன்ற வெட்கம்.

"கூப்பிடுங்கோ. சாப்பாடு இன்னும் கிடக்குத்தானே," என்று சம்பந்தி தன் கைபேசியை மறுபடியும் என்னிடம் தள்ளினார்.

என் எண்ணைக் கண்டால் அண்ணர் எடுக்கமாட்டார் என்று அதையே வாங்கிக்கொண்டு வெளியே வாகனத் தரிப்பிடத்துக்குப் போனேன். அவருடைய எண் எனக்கு மனப்பாடம். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். தெரியாத எண் என்பதால் ஜெர்மனில் வணக்கம் சொன்னார். நான் "அண்ணை" என்றேன்.

அவர் தமிழுக்கு மாறினார்.

"தாலி கட்டியாச்சோ?"

"ஓம் அண்ணை. பன்னிரண்டேகாலுக்கு."

"பிள்ளை வடிவாய் இருந்தாளோ?"

"ஓம். அண்ணை, சாப்பாடு இன்னும் முடியேல்லை. நான் வந்து ஏத்துறன், வெளிக்கிடுங்கோ."

"நீ கடைசி நேரத்திலயெண்டாலும் கூப்பிடுவாய் எண்டு காலமை ஆறு மணிக்கே முழுகி, வேட்டி கட்டிக்கொண்டு இருந்தனான்," என்றார். "இப்பதான் உடுப்பு மாத்தினனான்."