கூடையோடு நெல்லுக்கு இறங்கிய பாக்கியம் அக்கா

அன்று காலை என் கூடைக்குள் கையை விட்ட கங்காணி, முற்றிய இலை நாலைந்தை எடுத்துப் பார்த்தும் என்னை ஏசவில்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். எடுத்த இலைகளைத் திரும்பவும் கூடைக்குள்ளேயே போட்டார். நிரையில் எனக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே, "பாக்கியம் போயிருச்சு புள்ள. இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலருந்து இப்பத்தான் சொல்லி அனுப்புனாங்க" என்றார்.

அக்காவைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முப்பத்தோராம் நாள் கோயிலடியில் பலர் பேசுவார்கள். நான் எழுந்து பேசமாட்டேன் என்று உங்களுக்கே தெரியும். "நல்ல மனுசி, பாவம்" என்று யாராவது சொல்வார்கள். நல்ல மனுசி, சரி. பாவம் என்ற சொல் அவருக்குக் கொஞ்சமும் பொருந்தாது. அவர் பக்கத்தில் நின்று வேலை செய்த காலம் முழுக்க எனக்குத் திருவிழாவுக்கு முதல் நாள் மாதிரியே இருந்தது. காலையில் கண் விழித்தால், இன்றைக்கு அக்கா என்ன கிளப்பப் போகிறாரோ என்றுதான் முதலில் தோன்றும்.

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் மலைக்கு வந்த முதல் நாள், கங்காணி என் பெயரைக் கேட்டார். எனக்கு வாய் திறக்கவில்லை. மறுபடியும் கேட்டார். பக்கத்து நிரையிலிருந்து அக்கா குரல் கொடுத்தார்.

"அது பேசாது கங்காணி. அதுக்கும் சேத்து நான் பேசுறேன். எனக்கு ரெண்டாள் சம்பளம் போடுங்க."

"நீ பேசுற பேச்சுக்குச் சம்பளம் போட்டா தோட்டத்த வித்துத்தான் குடுக்கணும்" என்றார் கங்காணி. மலை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து என் நிரை அக்காவின் நிரைக்குப் பக்கத்தில்தான்.

எங்கள் தோட்டம் கலவானைக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்தையும் தாண்டி இருக்கிறது. கடைசித் தேயிலை மலைக்குப் பின்னால் பெருங்காடு. கீழே சிங்களக் கிராமம். இரண்டுக்கும் நடுவே, இரு மேடுகளுக்கிடையில் ஒடுங்கிக் கிடக்கிற சேற்று வயலைத் தெனிய என்பார்கள். அது குணபால மாமாவுடையது. மகன்மார் கொழும்புக்குப் போய்விட்டதால் அவர் அதை விட்டுவிட்டார். புல் ஆளுயரம் வளர்ந்து கிடந்தது. மாணிக்கக் குழி தோண்டுகிறவர்கள் வந்து வந்து அந்த நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொழுந்து எடுக்கும்போதெல்லாம் அக்காவின் கண் அந்தத் தெனியவில்தான் இருக்கும். "குழி தோண்டிட்டாங்கன்னா அது அப்புறம் நெலமா புள்ள? வெறும் ஓட்ட" என்பார். நம் லயத்து வரிசை வீடுகளைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் ஒரு மிளகாய்க் கன்று நட்டாலும் அது தோட்டத்து மண்ணில்தான் நிற்கிறது. ஒருநாள் வேலை விட்டு வரும் வழியில், என்னையும் இழுத்துக்கொண்டு அக்கா நேரே குணபால மாமாவின் முற்றத்துக்குள் நுழைந்தார்.

"மாமே, அந்தத் தெனியவ எங்ககிட்ட குடுங்க. வெளையுறதுல பாதி ஒங்களுக்கு."

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து எங்கள் கைகளைப் பார்த்தார். "நங்கி, கொழுந்து எடுக்கிற கைக்கு நெல்லு வருமா?" நங்கி என்றால் அவர்கள் பேச்சில் தங்கச்சி.

"கையக் கேக்காதீங்க மாமே, மண்ணக் கேளுங்க. அது வேணாம்னு சொல்லட்டும், நான் போயிர்றேன்."

மாமா ஒரு போகம் தருவதாகச் சொன்னார். சித்திரை வருசத்துக்கு முன் நெல் வீடு வந்து சேர்ந்தால் தொடர்ந்து செய்யலாம். சேராவிட்டால் குழிக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு மேடு முழுக்க ஓடியே ஏறினார். எனக்கு மூச்சு முட்டியது.

"தேயிலக்காரிக்கு வயல் கேக்குதோ?" என்றார் அவர் கணவர் ராமு அண்ணன். மறுநாள் மம்பட்டியோடு முதலில் சேற்றில் இறங்கியவரும் அவர்தான்.

நாற்று நட்ட கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மாமா அன்று ஏதோ சாவு வீட்டுக்குப் போயிருந்தார். சொல்லித்தர ஆளில்லை. அக்கா தைரியமாகக் கயிறு பிடித்தார். தேயிலைக் கன்று நடுவது போலவே மேட்டுக்கு வாட்டமாக வரிசை போட்டு, குச்சியால் குழி குத்தி, குழிக்கு ஒரு நாற்றாக நட்டோம். நட்டு முடித்துவிட்டுப் பார்த்தால் எங்களுக்கே பெருமை தாங்கவில்லை. அவ்வளவு நேராக இருந்தது! பின்னேரம் மாமா வந்தார். வரம்பில் நின்று பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நங்கி, மே மொகத? இது என்ன? ஒரு நாத்துக்கும் மத்த நாத்துக்கும் நடுவுல ஏன் இவ்வளவு இடம்?"

அக்கா தான் போட்ட வரிசையைப் பார்த்தார். பிறகு, "கூடையோட நடக்க வேணாமா மாமே?" என்றார்.

மாமா சிரித்த சிரிப்பில் காட்டுப் பக்கமிருந்த குரங்குகள் கத்தத் தொடங்கின. அக்கா சேற்றிலேயே விழுந்து சிரித்தார். மறுநாள் இடைவெளி முழுவதும் திரும்ப நாற்று வாங்கி நெருக்கி நட்டோம். அட்டைக் கடியை அன்று யாரும் கவனிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு மலையிலிருந்து கீழே பார்ப்பதே எங்கள் வேலையாகிவிட்டது. பச்சை ஒவ்வொரு நாளும் ஒரு மாதிரி இருந்தது. ஒருநாள் அக்கா கொழுந்தைக் கையில் பிடித்தபடியே, "அந்தா பாருங்கடி, கதிர் தள்ளிருச்சு!" என்று கத்தினார். நிரை முழுக்க நின்றுவிட்டது. கங்காணி ஏசிக்கொண்டே ஓடிவந்தார். வந்தவரும் நெற்றிக்கு மேல் கையை வைத்துக் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

அறுவடை நாளை எப்படிச் சொல்வது! முதல் நாள் அடித்த காற்றில் விளைந்த நெல் பாதி சாய்ந்துவிட்டது. காலையிலிருந்தே காட்டுப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கிராமத்தில் எல்லோரும் தங்கள் தங்கள் வயலில் இருந்தார்கள். கூலிக்கும் ஆள் கிடைக்கவில்லை. எங்களிடம் இரவல் அரிவாள் ஒன்று இருந்தது. அதில் ராமு அண்ணன் எடுத்த உடனே விரலை வெட்டிக்கொண்டார். மழை விழுந்தால் சாய்ந்த கதிர் சேற்றுக்குள் போய்விடும். நெல் போனால் தெனியவும் போய்விடும். அக்கா வானத்தைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், மேட்டில் ஏறினார். மேலே பெண்கள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே வந்தது. எல்லோர் முதுகிலும் வெறுங்கூடை!

"நமக்குத் தெரிஞ்ச வேலையில எடுப்போம்டி" என்றார் அக்கா. "கிள்ளாதீங்க, வராது. ஒடிங்க."

இறங்கினோம். இரண்டு கையாலும் கதிரை ஒடித்து, தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிந்தோம். கொழுந்து எடுக்கிற அதே வேகம், அதே பேச்சு, அதே சண்டை. "ஏய், என் நிரைக்குள்ள வராத!" "ஒன் நிரையா? பேரு எழுதி வச்சிருக்கியா?" குணபால மாமா வரம்பு வழியே தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். "மே தே நெமெயி நங்கி! இது தேயிலை இல்ல!" யார் கேட்டது? கங்காணியும் வேடிக்கை பார்க்க வந்தவர், பழக்கதோசத்தில் வரம்பில் ஏறி நின்றுகொண்டு, "முத்துனது எடுக்காத! முத்துனது எடுக்காத!" என்று கத்தத் தொடங்கிவிட்டார்.

அக்கா நிமிர்ந்தார். "கங்காணி, இங்க முத்துனதத்தான் எடுக்கணும். வாய மூடிட்டு ஒரு கூடையத் தூக்குங்க."

கங்காணி உண்மையாகவே தூக்கினார். அதைப் பார்த்து மாமாவும் ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். கடைசிக் கூடை மாமா வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் கொட்டப்பட்டபோது மழை கூரையில் விழுந்தது. எல்லோரும் புது நெல்வாசத்தில் நெருக்கியடித்து நின்றுகொண்டு, ஆளுக்கு ஆள் பேசினோம். நான்கூடப் பேசினேன் என்று நினைக்கிறேன். மாமா குவியலுக்குள் கையை விட்டு அளைந்துவிட்டு, "இப்பிடி ஒரு அறுப்ப நான் பாத்ததே இல்ல. ஹரி நங்கி, சரி, தெனிய ஒங்களுக்குத்தான். குழிக்காரன் வந்தா நான் பேசிக்கிறேன்" என்றார்.

தன் பங்கைக் குத்தி, லயத்தில் வீட்டுக்கு ஒரு சுண்டு சிவப்பரிசி கொடுத்தார் அக்கா. வாங்கிச் சமைத்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். "சோறு தொண்டையில எறங்குறப்ப, நான் ஒன்னோடதுன்னு சொல்லிட்டு எறங்குது புள்ள" என்றார் என்னிடம்.

சித்திரை வருசம் முடிந்து அடுத்த போகத்துக்குச் சேறு கலக்கத் தொடங்கினோம். விடாத மழை. ஒருநாள் முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வரும்போது, ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கர வண்டி ஒன்று கிராமத்து ரோட்டில் போனது. எலிக்காய்ச்சல் பரவுகிறது, சேற்றில் இறங்குகிற கொவியோ எல்லோரும் பன்சலைக்கு வந்து காய்ச்சல் வராமல் தடுக்கிற குளிசை வாங்கிக் குடியுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு போனார்கள். கொவியோ என்றால் விவசாயிகள், பன்சலை என்றால் புத்த கோயில்.

அக்கா வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக நின்றார். "நல்ல வேல செய்றாங்க. கிராமத்து ஆளுங்களுக்கு எல்லாம் தேடி வருது பாரு" என்றார். காலில் இருந்த சேற்றைப் புல்லில் தேய்த்துவிட்டு நடந்தார். எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. நாங்கள் தோட்டத்து ஆட்கள். கொவியோ என்றால் கீழே இருக்கிறவர்கள். குணபால மாமாவின் முற்றத்தில் ஏறி நிலம் கேட்டவர், கங்காணி தலையில் கூடையை ஏற்றியவர், யாரிடமும் எதையும் கேட்கத் தயங்காதவர். அந்த அறிவிப்பு தனக்கும் சேர்த்துத்தான் என்று மட்டும் அவர் நினைக்கவில்லை.

பிறகு காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே கொழுந்துக்கு வந்தார். கண் சிவந்துவிட்டது. மாமாதான் வான் பிடித்து இரத்தினபுரிக்கு அனுப்பிவைத்தார். மற்றது உங்களுக்குத் தெரியும்.

கருமாதி முடிந்த மறுநாள் மாமா லயத்துக்கு வந்தார். உட்காரக் கொடுத்த கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். "பன்சலையில நான் குளிசை குடிச்சேன். நங்கியும் குடிச்சிருக்கும்னு நெனச்சேன்" என்றார். ராமு அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழிக்காரர்கள் மறுபடி வந்து போனதாகவும், விதைக்கிற நாள் தாண்டிக்கொண்டிருப்பதாகவும், யாராவது செய்வதாக இருந்தால் சொல்லும்படியும் கேட்டுவிட்டு மாமா எழுந்து போனார்.

"அந்தச் சேறுதான் அவளத் தின்னுச்சு" என்றார் என் அம்மா. "நீ அதுல கால வச்ச, கால ஒடிச்சுருவேன்."

சேறு இல்லை, குடிக்காத குளிசை என்று நான் சொன்னேன். அம்மா என்னையே பார்த்தார். நான் அவ்வளவு பேசுவது அவருக்குப் புதிது. அடுப்பை ஊதிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அப்ப எனக்கும் ஒண்ணு வாங்கியா. ஒன்ன ஒத்தையில அங்க விடமுடியாது" என்றார். ராமு அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் மம்பட்டியை வெளியே எடுத்துவைத்தார்.

ஒலிபெருக்கி வண்டி மறுபடி வந்த அன்று நான் பன்சலைக்குப் போனேன். வரிசையில் எல்லோரும் கிராமத்து ஆட்கள். எனக்கு முன்னால் குணபால மாமா நின்றார். என் முறை வந்தபோது, குளிசை கொடுக்கிற ஐயா என்னைப் பார்த்து, தோட்டத்திலிருந்தா வருகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். தலையாட்டினேன். இது கொவியோவுக்குக் கொடுப்பது, நீ வயல் செய்கிறாயா என்று கேட்டார்.

"ஓவ், ஆமா" என்றேன்.

"எந்த வயல்?"

"பாக்கியம் அக்காவோட தெனிய."

மாமா திரும்பிப் பார்த்தார். "ஹரி, ஹரி" என்று அந்த ஐயாவிடம் சொன்னார். என்னிடம், "நாளைக்குத் தண்ணி தொறந்து விடுறேன்" என்றார்.

அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்தத் தெனியதான். குளிசையை அங்கேயே விழுங்கித் தண்ணீர் குடித்தேன். அம்மாவுக்கும் ராமு அண்ணனுக்கும் வேண்டும் என்று மறுபடியும் கையை நீட்டினேன்.